அன்றாட அளவீடும் அறிவியல் கண்டறிதலும்: அண்டார்க்டிக் ஓசோன் துளையின் வரலாறு (1956–1988)

ஆய்வுச் சுருக்கம்

அண்டார்க்டிக் கண்டத்தின் மேல் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதை 1985-ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர் மூவர் உலகுக்கு அறிவித்தனர். அப்போது புவி முழுவதையும் நாள்தோறும் அளந்துகொண்டிருந்த நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் தரவுகளிலும் அக்குறைவு பதிவாகியிருந்தது. ஆயினும் தரைநிலையத்தின் அறிவிப்பே முந்தியது. இதன் காரணத்தை அன்றாடப் பணியின் வரலாற்றில் தேடுகிறது இக்கட்டுரை. அளவெடுத்தல், கணித்தல், சரிபார்த்தல் ஆகிய மூவகைப் பணிகளும் ஒன்றோடொன்று இணைந்த இடத்தில்தான் கண்டறிதல் நிகழ்ந்தது என்பதும், அவற்றுள் ஒன்று தளர்ந்த இடங்களில் அது தாமதமாயிற்று என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஓசோன், டாப்சன் கருவி, ஹாலி நிலையம், நிம்பஸ்-7, கொடைக்கானல், தரவுச் சரிபார்ப்பு.

முன்னுரை

விண்வெளி, புவி அறிவியல் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஏவுதல்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஏவூர்தி புறப்பட்ட நாளும் முதற்படம் வந்த நாளும் நினைவில் நிற்கின்றன. அதற்குப் பிறகு பத்து, இருபது ஆண்டுகள் நாள்தோறும் நடைபெறும் பணி பதிவேடுகளுக்குள் தங்கிவிடுகிறது. அப்பணியைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் பெயரும் வெளியே தெரிவதில்லை.

ஓசோன் துளையின் வரலாறு இதற்கு விதிவிலக்கு. இதில் அன்றாடப் பணியே மையக் கதைமாந்தராக நிற்கிறது. இவ்வரலாறு குறித்துப் பரவலாக வழங்கும் கதை ஒன்று உண்டு. நாசாவின் கணினிகள், குறைவான ஓசோன் அளவுகளைப் பிழையெனக் கருதித் தாமாகவே எறிந்துவிட்டன என்பதே அது. பாடநூல்களிலும் மேடைகளிலும் எடுத்தாளப்படும் இக்கதை முழு உண்மையன்று. உண்மையில் நடந்தது அதைவிடச் சிக்கலானது; அறிவியல் பணியின் இயல்பைப் பற்றி அதைவிடக் கூடுதலாகக் கற்பிப்பது. அதனை நிரல்பட எடுத்துரைத்து, அதிலிருந்து பெறத்தக்க முடிவுகளைத் தருவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டாப்சன் கருவியும் கொடைக்கானலும்

வளிமண்டல ஓசோனின் பெரும்பகுதி அடுக்குமண்டலத்தில் உள்ளது. சூரியனின் புற ஊதாக் கதிர்களை அது உட்கவர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் டாப்சன் 1920-களில் இவ்வியல்பைக் கொண்டே ஓசோனை அளக்கும் கருவிகளை உருவாக்கினார். அண்மையிலுள்ள இரு புற ஊதா அலைநீளங்கள் எடுத்துக்கொள்ளப்படும். ஒன்றை ஓசோன் மிகுதியாக உட்கவரும். மற்றொன்றைச் சிறிதளவே உட்கவரும். தரையை வந்தடையும் இவ்விரண்டின் செறிவு விகிதத்திலிருந்து தலைக்கு மேலுள்ள ஓசோனின் மொத்த அளவு கணிக்கப்படும். அந்த ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்திலும் சுழியம் பாகை வெப்பநிலையிலும் ஓர் அடுக்காகக் கொணர்ந்தால் அதன் தடிப்பு எவ்வளவு இருக்கும் என்பதே அளவு. ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு ஒரு டாப்சன் அலகு. 300 அலகு என்பது மூன்று மில்லிமீட்டர் தடிப்பு மட்டுமே.

இத்துறையின் தொடக்க வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே ஓசோனின் பரவலை அறிய விரும்பிய டாப்சன், 1928–29 காலத்தில் தம் கருவிகளைக் கலிஃபோர்னியாவின் டேபிள் மலை, எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், கொடைக்கானல் ஆகிய இடங்களுக்கு அனுப்பினார். அக்காலக் கருவிகள் நிறமாலையை ஒளிப்படத் தகடுகளில் பதிந்தன. தகடுகள் ஆக்ஸ்ஃபோர்டில் அளக்கப்பட்டன. வெப்பமண்டலத்தில் ஓசோன் ஆண்டு முழுவதும் குறைவாகவும், பெரிதும் மாறாமலும் இருப்பது இப்பணியால் தெளிவாயிற்று. ஓரிடத்தில் அளவெடுத்து மற்றோரிடத்தில் கணிக்கும் வேலைப் பகிர்வும் இக்காலத்திலேயே தோன்றிவிட்டதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் நிகழ்ந்த தாமதங்களுக்கு இப்பகிர்வு ஒரு காரணமாயிற்று.

1956: முதல் ஐயம்

1957 சூலை முதல் 1958 திசம்பர் வரை கொண்டாடப்பட்ட பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுக்கு முன்னோடியாக, இலண்டன் ராயல் சொசைட்டி 1956-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அண்டார்க்டிக்கின் பிரன்ட் பனித்தட்டின் மீது ஹாலி விரிகுடா நிலையத்தை அமைத்தது. தெற்கு அட்சரேகை 75 பாகைக்கும் அப்பால், கடலில் மிதக்கும் பனிக்கட்டியின் மீது அமைந்த நிலையம் அது. ஆண்டுதோறும் விழும் பனி கட்டடங்களை மூடிப் புதைத்தமையால், அந்நிலையம் மீண்டும் மீண்டும் புதிதாகக் கட்டப்பட்டது. அங்கு டாப்சன் கருவியும் நிறுவப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கிருந்து வந்த முதல் அளவுகள், எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 150 அலகு குறைவாக இருந்தன. வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் வசந்த காலத்தில் காணப்படும் அளவே தெற்கிலும் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கருவி பழுதாகியிருக்கலாம் அல்லது அளவெடுத்தவர் தவறியிருக்கலாம் என்றே முதலில் எண்ண நேர்ந்ததாக டாப்சன் 1968-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் குறிப்பிடுகிறார். நவம்பரில் அளவுகள் திடீரென உயர்ந்தன. மறு ஆண்டும் இதே ஏற்ற இறக்கம் நிகழ்ந்த பின்னரே முதலாண்டு அளவுகள் சரியானவை என்பது உறுதியாயிற்று. குளிர்காலத்தில் தென்துருவத்தைச் சூழ்ந்து வீசும் கடுங்காற்றுச் சுழல், வெளியிலிருந்து ஓசோன் மிகுந்த காற்று உட்புகாதவாறு தடுக்கிறது. வசந்தத்தின் இறுதியில் சுழல் உடையும்போது அளவு உயர்கிறது என்பது பின்னர் விளங்கிற்று.

1956-இல் கண்ட குறைவு, பிற்காலத்து ஓசோன் துளை அன்று. அக்டோபர் மாதச் சராசரி அப்போது ஏறத்தாழ 300 அலகாக இருந்தது. அது அப்பகுதியின் இயற்கையான நிலை. அந்த இயற்கை நிலையை ஆண்டுக்கணக்கில் பதிந்து வைத்தமையால்தான் பின்னர் நேர்ந்த மாற்றத்தை மாற்றம் என்று அறிய முடிந்தது. வியப்புக்குரிய ஓர் அளவைக் கண்டதும் அதை ஏற்கவும் மறுக்கவும் விரையாது, மறு ஆண்டின் அளவுக்காகக் காத்திருந்த முறையும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஹாலி நிலையத்தின் நாட்பணி

டாப்சன் கருவியை இயக்குவது பொறுமை வேண்டும் பணி. இரு அலைநீளங்களின் ஒளியும் மாறிமாறி ஒளியுணரியின் மீது விழும். வலுவான ஒளியின் பாதையில் ஒளியைப் படிப்படியாகத் தணிக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். பணியாளர் வட்டுத் திருகைத் திருப்பித் திருப்பி, மானியின் முள் சுழியத்தில் நிற்கும் நிலையைக் காண்பார்; வட்டு காட்டும் எண்ணையும் நேரத்தையும் ஏட்டில் எழுதுவார். கருவியின் வெப்பநிலைக்கு ஏற்ப அலைநீள அமைப்பைத் திருத்துவதும் அவர் கடமை. செந்தர விளக்குகளைக் கொண்டு கருவியின் நிலைபேற்றை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். வானம் தெளிந்தால் நேரடிச் சூரிய ஒளியிலும், முகில் மூடினால் தலைக்கு மேலுள்ள வானொளியிலும் அளவெடுக்கலாம். சூரியனே தோன்றாத துருவக் குளிர்காலத்தில் நிலவொளியைத்தான் நம்ப வேண்டும்.

இப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பலைத் தவிர வெளியுலகத் தொடர்பு வானொலி ஒன்றே. ஒருவர் பணிக்காலம் முடிந்து திரும்பியதும் அடுத்தவர் அதே ஏட்டில் அதே முறையில் தொடர்ந்தார். ஒரு நாளின் அளவு தனித்து எதையும் சொல்வதில்லை. எழுதியவர் தம் காலத்திலேயே அதன் பொருளைக் காணப்போவதும் இல்லை. ஆனால் முறை மாறாமையே அத்தொடரின் உயிர். அளவெடுத்த ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு முறையை மாற்றியிருந்தால், இருபத்தைந்து ஆண்டுகளின் எண்கள் ஒப்பிட இயலாத துண்டுகளாகிப் போயிருக்கும்.

தேங்கிய ஏடுகள்

ஏடுகள் கப்பலேறிக் கேம்பிரிட்ஜிலுள்ள பிரித்தானிய அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தை அடைந்தன. வட்டு எண்களை ஓசோன் அளவுகளாக மாற்ற, சூரியனின் உயரம், கருவியின் திருத்த எண்கள் முதலியவற்றைக் கொண்ட நீண்ட கணக்கு தேவைப்பட்டது. அது கையால் செய்யப்பட்டு வந்தது. காலப்போக்கில் பணி தேங்கியது. 1977-இல் நிறுவனத்தில் சேர்ந்த ஜொனதன் ஷாங்க்ளினிடம், தேங்கிய ஏடுகளைக் கணினிக்கு ஏற்றி, கணிக்கும் நிரல்களை எழுதும் பொறுப்பு வந்தது. 1956 முதல் இத்துறையில் இருந்த ஜோசப் ஃபார்மனும், பிரையன் கார்டினரும் உடன் பணியாற்றினர்.

1983-இல் அந்நிறுவனம் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்றை ஏற்பாடு செய்தது. ஒலியினும் விரைந்து செல்லும் கன்கார்டு விமானங்களும் தெளிப்புக் குப்பிகளிலுள்ள குளோரோஃபுளோரோகார்பன்களும் ஓசோனை அழிக்கக்கூடும் என்ற அச்சம் அன்று மக்களிடையே இருந்தது. அவ்வாண்டின் அளவுகளும் பத்தாண்டுகளுக்கு முந்தைய அளவுகளும் ஒன்றே என்று காட்டி அச்சத்தைத் தணிக்கலாம் என ஷாங்க்ளின் எண்ணினார். இரண்டையும் ஒப்பிட்டபோது அவை ஒன்றாக இல்லை. வசந்தகால அளவு தெளிவாகக் குறைந்திருந்தது.

ஃபார்மன் உடனே ஏற்கவில்லை. பழைய கருவியின் தேய்வு காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் இயல்பானது. நிலையத்தில் வேறொரு கருவி பயன்பாட்டுக்கு வந்த பின்னரும் குறைவு நீடித்தது. ஹாலிக்கு வடக்கே, தெற்கு அட்சரேகை 65 பாகையிலுள்ள அர்ஜென்டைன் தீவுகள் நிலையத்தின் அளவுகளும் உடன் ஆராயப்பட்டன. 1984 அக்டோபர் அளவும் வந்த பிறகு ஐயம் நீங்கியது. மாதச் சராசரி 300 அலகிலிருந்து ஏறத்தாழ 200 அலகுக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் எழுதிய கட்டுரை 1985 மே 16 அன்று 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

நிம்பஸ்-7: வானிலிருந்து எடுத்த அளவு

1978 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-7, டாம்ஸ் எனும் ஓசோன் வரைபடக் கருவியைச் சுமந்து சென்றது. புவியிலிருந்து திரும்பிச் சிதறும் புற ஊதா ஒளியை அது அளந்தது. பக்கவாட்டில் அலகிட்டவாறே துருவப் பாதையில் சுற்றி, சூரிய ஒளி படும் பகுதி முழுவதையும் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் அளவீடுகளால் நிரப்பியது. ஹாலியில் ஒருவர் திருகைத் திருப்பி ஒரு நாளில் எடுக்கும் சில அளவுகளோடு ஒப்பிட்டால் இதன் வீச்சு விளங்கும்.

இவ்வளவு எண்களையும் மனிதக் கண் ஒவ்வொன்றாகப் பார்க்க இயலாது. எனவே கணிக்கும் நிரலிலேயே தரக் கட்டுப்பாடு அமைக்கப்பட்டது. அதுவரை உலகில் அறியப்பட்ட ஓசோன் பரவல்களைக் கொண்டு அட்டவணைகள் உருவாக்கப்பட்டிருந்தன. 180 அலகுக்குக் கீழான அளவு இயற்கையில் நிகழ்வது அரிது எனக் கருதப்பட்டமையால், அத்தகைய அளவுகள் ஐயக்குறி இடப்பட்டுத் தனியே வைக்கப்பட்டன. அவை அழிக்கப்படவில்லை. செயற்கைக்கோள் அனுப்பிய மூலத் தரவுகளும் முழுமையாகக் காக்கப்பட்டன. பரவலான கதை தவறும் இடம் இதுவே.

1983 அக்டோபர் தரவுகள் 1984-இல் கணிக்கப்பட்டபோது, அண்டார்க்டிக்கின் மேல் ஐயக்குறிகள் திரளாகக் கூடியிருந்ததை டாம்ஸ் குழுவினர் கண்டனர். இத்திரளைக் கண்ட அவர்கள் செய்ய வேண்டியதையே செய்தனர்: தரை அளவோடு ஒப்பிட்டனர். தென்துருவத்திலுள்ள அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தின் டாப்சன் கருவி அம்மாதத்துக்கு 300 அலகு அளவைக் காட்டியது. செயற்கைக்கோள் காட்டியதோ 180-க்கும் கீழ். ஆகவே பிழை செயற்கைக்கோளின் பக்கமே இருக்கக்கூடும் எனத் தோன்றியது. தென்துருவக் கருவியின் அலைநீள அமைப்பில் நேர்ந்த தவற்றால் அந்த 300 அலகு பிழையாக வந்தது என்பது பின்னரே தெரிந்தது.

அணுவளவும் கவனக்குறைவு இன்றிச் செய்ய வேண்டிய ஓர் அன்றாடச் செயல், உலகின் மற்றொரு மூலையில் பிறழ்ந்தமையால், பல கோடி அளவீடுகளின் சாட்சியம் ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் குழுவினர் தம் ஆய்வைக் கைவிடவில்லை. குழுவைச் சேர்ந்த பவன் பார்தியா 1985 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் செயற்கைக்கோள் வரைபடங்களைக் காட்டினார். ஹாலியில் கண்ட குறைவு ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று, கண்டம் முழுவதையும் தழுவியது என்பது அப்போதுதான் புலனாயிற்று. 'துளை' என்ற சொல்லுக்கு உருவம் தந்தவை அவ்வரைபடங்களே. ஸ்டோலார்ஸ்கி முதலானோர் எழுதிய விரிவான கட்டுரை 1986-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

சுபாச்சியின் அளவுகள்

இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படாத ஒருவர் சப்பானிய ஆய்வாளர் ஷிகேரு சுபாச்சி. அவர் 1982-இல் அண்டார்க்டிக்கின் ஷோவா நிலையத்தில் தங்கி அளவெடுத்தார். வசந்த காலத்தில் ஓசோன் மிகக் குறைந்திருந்ததைப் பதிந்தார். 1984 செப்டம்பரில் கிரேக்க நாட்டின் ஹல்கிடிகியில் நடந்த ஓசோன் கருத்தரங்கில் அதனை அறிவித்தார். ஃபார்மன் குழுவினரின் கட்டுரைக்கு எட்டு மாதங்கள் முந்தியது அவ்வறிவிப்பு. அளவெடுத்ததிலோ கணித்ததிலோ அதில் குறையில்லை. ஆனால் அது ஓராண்டின் பதிவாக அமைந்தது. முந்தைய ஆண்டுகளோடு நிறுத்தி, குறைவு தொடர்ந்து வளர்கிறது என்று காட்டும் ஒப்பீடு அதில் இல்லாமையால், கேட்டோர் அதன் முழுப் பொருளை உணரவில்லை.

இந்தியப் பங்களிப்பு

செயற்கைக்கோள் அளவீட்டுக்குப் பின்னணியாக இருந்த கணிதத்தில் இந்தியத் தொடர்பு உண்டு. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், சர் சி. வி. இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் பணியாற்றியவர். இந்திய வானிலைத் துறையில் நெடுங்காலம் இருந்தபின், அகமதாபாது இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் விளங்கினார். சூரியன் அடிவானில் இருக்கும்போது எடுக்கும் தொடர் அளவுகளிலிருந்து ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளது எனக் கணிக்கும் முறையொன்றை, அவரும் ஜே. வி. தவேயும் 1957-இல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுப் பணிகளுக்காக வகுத்தளித்தனர். பின்னர் அமெரிக்கா சென்ற தவே, கார்ல் மட்டீருடன் இணைந்து 1967-இல் வெளியிட்ட ஆய்வு, மொத்த ஓசோனைச் செயற்கைக்கோளிலிருந்து கணிப்பதற்கு வழிகாட்டியது. தரையில் திருகைத் திருப்பிக் கற்ற பாடம், வானிலிருந்து அளக்கும் நிரலாக உருமாறிய வரலாறு இது. 1984 திசம்பர் 31 அன்று இராமநாதன் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஓசோனுக்கு நேர்ந்த கேடு உலகுக்குத் தெரிய அப்போது ஐந்து மாதங்களே இருந்தன.

கண்டறிதலுக்குப் பின்

குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இலேயே எச்சரித்திருந்தனர். ஆனால் தென்துருவத்தில் இவ்வளவு விரைவான இழப்பை எவரும் எதிர்பார்க்கவில்லை. கடுங்குளிரில் அடுக்குமண்டலத்தில் தோன்றும் முகில்களின் துகள்மேல் நிகழும் வேதிவினைகள் குளோரினை விடுவிப்பதே காரணம் என்று சூசன் சாலமன் முதலானோர் 1986-இல் விளக்கினர். 1987-இல் சிலியின் புந்தா அரேனாசிலிருந்து பறந்த ஆய்வு விமானங்கள் நேரடிச் சான்று தந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

1988-இல் வெளியான ஓசோன் போக்குக் குழுவின் அறிக்கை மற்றோர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. நிம்பஸ்-7 கருவிகளில் சூரிய ஒளியை அளக்க உதவிய ஒளிபரப்பும் தகடு, விண்வெளியில் ஆண்டுதோறும் மங்கி வந்தது. அதனால் உலக அளவிலான ஓசோன் இழப்பை அத்தரவுகள் உள்ளதைவிட மிகுத்துக் காட்டின. அத்திரிபைத் திருத்த, பல நாடுகளில் பரவியிருந்த டாப்சன் நிலையங்களின் அளவுகளே துணை நின்றன. 1984-இல் தரைநிலையத்தின் ஒரு பிழை செயற்கைக்கோளை ஐயுறச் செய்தது. 1988-இல் தரைநிலையங்களின் நெடுந்தொடர் செயற்கைக்கோளின் பிழையைத் திருத்தியது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கண்டறிதலை முடிவு செய்தது தரவின் அளவு மட்டுமன்று. ஹாலியில் அளவெடுத்தலும் சரிபார்த்தலும் வலுவாக இருந்தன. கணித்தல் தேங்கியமையால் கண்டறிதல் சில ஆண்டுகள் பிந்தியது. டாம்ஸ் திட்டத்தில் அளவெடுத்தலும் கணித்தலும் ஒப்பற்றவையாக இருந்தன. சரிபார்ப்புக்கு நம்பிய அளவு பிழைபட்டது. ஷோவாவில் மூன்றும் இருந்தும் ஒப்பிடத்தக்க தொடர் காட்டப்படவில்லை.

இரண்டாவது, தரக் கட்டுப்பாடு என்பது அறிந்தவற்றின் எல்லையைக் கொண்டு அறியாததை அளப்பது. 180 அலகு என்ற எல்லை, அது வகுக்கப்பட்ட காலத்தின் அறிவுக்கு முற்றிலும் பொருந்தியது. இயற்கை அவ்வெல்லையைக் கடந்தபோது, மூலத் தரவைக் காத்து வைத்திருந்த நடைமுறையே மீட்சிக்கு வழியாயிற்று. ஐயத்துக்குரியதையும் அழிக்காமல் பேணுவது ஆவணப் பணியின் முதல் அறம்.

மூன்றாவது, நெடுந்தொடர் அளவீட்டின் பயனை அது நடைபெறும்போது காட்ட இயலாது. 1960-களின் ஹாலி ஏடுகளை அன்றைய பயனைக் கொண்டு மதிப்பிட்டிருந்தால், அப்பணியை நிறுத்துவதற்குக் காரணம் கூறுவது எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு நிறுத்தியிருந்தால் 1983-இல் ஷாங்க்ளின் ஒப்பிடுவதற்கு எதுவும் இருந்திராது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு, உடன்படிக்கை தொடர்ந்து கடைப்பிடிக்கப்பட்டால் அண்டார்க்டிக் ஓசோன் 2066-ஆம் ஆண்டளவில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் எனக் கூறுகிறது. அந்த மீட்சியை உறுதிசெய்யவும் நாள்தோறும் ஒருவர் அளவெடுத்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுள் பலர் அம்முடிவைக் காணும் முன்பே ஏட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்திருப்பர்.